பச்சை மரத்தில் நோய் பார்த்தல்

ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டிலிருந்து லாலி சாலை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வாசல் நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கிறது. சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் மூவரும் அப்பாவோடு அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்குப் போவோம். மற்றொரு பக்கம் கௌலி பிரவுன் சாலையில் வனக்கல்லூரி வளாகம். அதற்குள் 1902இல் தொடங்கப்பட்ட காஸ் அருங்காட்சியகம். பள்ளியிலிருந்து வரிசையாக அழைத்துப் போய்க் காட்டுவார்கள். மரங்களை அறிந்தவர்கள் இத்தனை பேர் சுற்றிலும் இருந்தும், ஒரு மரத்தை நின்று அண்ணாந்து பார்க்க நாங்கள் கற்றுக்கொண்டது ஐம்பது வயதை ஒட்டித்தான். அதையும் கற்றுக்கொடுத்தது எங்கள் தோப்புக்கு வந்த நோய்.

இந்தப் பகுதியில் பல வீடுகளுக்கும் உள்ள கதைதான் எங்களுடையதும். குடியிருப்பு இங்கே, தோட்டம் வேறெங்கோ. எங்களுக்கு ஆனைமலைப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு. எங்கள் அப்பாரு நெல் விளைந்த வயலை மேடாக்கி 1970களில் வைத்த மரங்கள், 340. இருபத்தைந்து அடிக்கு ஒன்று. கயிறு பிடித்துக் குழி எடுத்தாராம். தென்னங்கன்று என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை, பிள்ளை என்றுதான் சொல்வார். "பெத்த பிள்ளை சோறு போடாட்டியும் வெச்ச பிள்ளை போடும்" என்று எங்களைப் பார்த்துக்கொண்டே சொல்வதில் அவருக்கு ஒரு குறும்பு உண்டு. எங்கள் மூவரின் படிப்பும் எங்களில் ஒருத்தியின் கல்யாணமும் அந்தப் பிள்ளைகள் போட்ட சோறு என்பதால், அந்தப் பேச்சை எங்களால் மறுக்க முடிந்ததில்லை.

*

2016ஆம் ஆண்டை ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. கிணறுகள் வறண்டன. லாரியில் தண்ணீர் வாங்கி மரத்துக்கு ஊற்றியவர்கள் உண்டு. அதே ஆண்டில்தான் சுருள் வெள்ளை ஈயும் அந்த வட்டாரத்தில் முதன்முதலாகக் காணப்பட்டது. ஓலையின் அடிப்புறத்தில் வெள்ளைத் தூளாக அப்பிக்கொள்ளும். அதன் எச்சத்தில் கரும்பூசணம் படர்ந்து, கீழ்வரிசை ஓலைகளெல்லாம் அடுப்புக்கரி பூசியதுபோல் ஆகிவிடும்.

ஆகவே 2017இன் தொடக்கத்தில் தெற்கு வரிசையில் சில மரங்கள் களையிழந்து நின்றபோது எங்களிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. எங்களில் மூத்தவர் தண்ணீர் என்றார். இளையவர் வெள்ளை ஈ என்றார். நடுவிலுள்ளவள், அப்பா போன பிறகு யாரும் ஒழுங்காகச் சாம்பல் சத்து வைக்கவில்லை என்றாள். மூன்றும் உண்மையாக இருந்ததுதான் சிக்கல். உண்மையான காரணம் ஒன்று கையில் இருக்கும்போது மனம் அடுத்த காரணத்தைத் தேடிப் போவதில்லை.

காய் போட வந்தவர்களில் பெரியவர் ஒருவர் இருந்தார். மீனாட்சிபுரத்துக்கு அப்பால் பாலக்காட்டு எல்லையிலிருந்து வருகிறவர். மரமேறுவதை விட்டுவிட்டுத் தொரட்டி பிடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் கூலி வாங்கும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஏனுங்க தம்பி, தண்ணி பத்தாம வாடுனா ஓலை தொங்குமுங்க. இது தொங்குல. கீத்து உள்ள மடங்குது, பாத்தீங்களா? எங்க பக்கம் இதைக் காத்துவீழ்ச்சன்னு சொல்லுவாங்க."

நாங்கள் பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்வது தவறு, அண்ணாந்தோம். மேலே பச்சையாக ஒரு கொண்டை தெரிந்தது. குலையில் காய் இருந்தது. "அதெல்லாம் அந்தப் பக்கத்து நோய், பெரியவரே" என்றோம். அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. பேசியிருந்தாலும் நாங்கள் கேட்டிருப்போமா என்பது ஐயம்தான். தோப்பின் சொந்தக்காரர்கள் நாங்கள், கார் வைத்திருப்பவர்கள் நாங்கள், ஆர்.எஸ்.புரத்துக்காரர்கள் நாங்கள்.

அவர் சொன்னது சரி என்று எங்களுக்குத் தெரிய நான்கு ஆண்டுகள் ஆயின.

*

மலையாளத்தில் காற்றுவீழ்ச்ச என்றும் நம் பக்கத்தில் கேரள வேர் வாடல் நோய் என்றும் சொல்லப்படுவது ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு வயதுள்ள நோய். 1882இன் பெருவெள்ளத்துக்குப் பிறகு கோட்டயம் பக்கத்து ஈராட்டுப்பேட்டையில் முதலில் கண்ணில் பட்டதாக எழுதிவைத்திருக்கிறார்கள். 1908இல் பட்லர் என்ற பூஞ்சையியல் அறிஞர் திருவிதாங்கூரின் தென்னை நோயைப் பற்றி அறிக்கை தந்தார். இந்த நோயை ஆராய்வதற்காகவே 1940களின் இறுதியில் காயங்குளத்தில் ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது.

ஒரு நோய்க்குக் காரணம் தேடிய வரலாறு இவ்வளவு நீளுமா என்று வியக்கத் தோன்றும். பூஞ்சை என்றார்கள், பாக்டீரியா என்றார்கள், வேரைக் குடையும் நூற்புழு என்றார்கள், மண்ணில் சத்துக் குறைவு என்றார்கள், வைரஸ் என்றார்கள். ஒவ்வொன்றையும் தேடிப் போனவர்கள் நோயுற்ற மரத்தில் அதைக் கண்டார்கள். அழுகிய வேரில் பூஞ்சை இருந்தது, நூற்புழு இருந்தது, மண்ணில் சத்தும் குறைந்திருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் நாங்கள் மூவரும் நடத்திய விவாதத்தைத்தான் அறிவுலகம் நூறாண்டுக் காலம் நடத்தியிருக்கிறது என்று பின்னால் படித்தபோது சற்று ஆறுதலாகக்கூட இருந்தது.

விடையின் நுனி 1967இல் ஜப்பானில் கிடைத்தது. குட்டையாகிப்போன முசுக்கட்டைச் செடிகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், அதுவரை வைரஸ் நோய்கள் என்று எண்ணப்பட்ட பலவற்றுக்கும் காரணம் செல்சுவரில்லாத ஒருவகை நுண்ணுயிர் என்று கண்டார்கள். இன்று அதற்குப் பைட்டோபிளாஸ்மா என்று பெயர். மரத்தில் இலை சமைத்த உணவை எடுத்துச் செல்லும் குழாய்களுக்குள் மட்டுமே அது வாழும். வெளியே எடுத்து ஆய்வகத்தில் வளர்க்க முனைந்தால் பிடிகொடுக்காது. நம் தென்னையில் அது இருப்பதை 1983இல் மின்னணு நுண்ணோக்கியின் உதவியோடு வெளியிட்டார்கள். அதைச் சுமந்து செல்வன ஓலையின் அடிப்புறத்தில் அமர்ந்து சாறு உறிஞ்சும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும். அரிசிமணியைவிடச் சிறியவை, காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே போகிறவை. நோய்க்குக் காற்றின் பெயரை வைத்த மலையாளத்துக் குடியானவர்கள் காரணத்துக்கு மிக அருகில் நின்றிருந்தார்கள் எனலாம்.

இந்த நோய் மரத்தைக் கொல்வதில்லை. அதுவே இதன் கொடுமை. கொல்லும் நோய் என்றால் முடிவெடுக்க வேண்டிய பொறுப்பு நமக்கில்லை. இதுவோ காய்களைக் குறைக்கும், காயைச் சிறுக்க வைக்கும், பருப்பை மெலிய வைக்கும், குரும்பைகளை உதிர்க்கும். மரம் இருபது முப்பது ஆண்டுகள்கூட நிற்கும். 1980களின் நடுவில் கேரளத்தில் எடுத்த கணக்கில் இதனால் ஆண்டுக்கு 96.8 கோடி காய்கள் இழப்பு என்று கண்டிருக்கிறார்கள். அங்கிருந்து மலை இடைவெளிகள் வழியே கன்னியாகுமரி, செங்கோட்டை, கம்பம் பள்ளத்தாக்கு என்று தமிழ்நாட்டின் மேற்கு ஓரமெங்கும் தலைகாட்டி, ஆனைமலைக்கும் வந்து சேர்ந்தது. பாலக்காட்டுக் கணவாயின் காற்றால்தான் பொள்ளாச்சி குளிர்ந்து கிடக்கிறது என்று நாங்கள் பெருமை பேசிய அதே காற்று.

*

நோயாளிக்கு வேண்டியவர்கள் மருத்துவ நூல்களைப் படிப்பதுபோல் நாங்களும் கிடைத்ததையெல்லாம் படித்தோம். அப்படிப் படித்தபோது அறிமுகமானதுதான் வைராய்டு. வேர் வாடலுக்குக் காரணம் வைராய்டாக இருக்குமோ என்று ஒரு கட்டத்தில் தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. அப்படித் தேடியதற்குக் காரணம் உண்டு. தென்னையை அழிக்கும் வைராய்டு ஒன்று உலகில் இருக்கிறது.

பிலிப்பைன்ஸின் பிக்கோல் வட்டாரத்தில், சான் மிகேல் என்ற சிறு தீவின் தோப்பில் 2,50,000 தென்னைகள் இருந்தன. கடங்-கடங் என்ற நோய் அங்கே புகுந்தது. 1962இல் எஞ்சியிருந்தவை 80. அந்த நாட்டில் இதுவரை மூன்று கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் இந்நோயால் போயிருக்கின்றன. அந்த வட்டார மொழியில் சாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

இந்த நோய்க்குக் காரணம் ஒரு துண்டு ஆர்.என்.ஏ. மட்டுமே என்பதை 1975இல் கண்டறிந்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1971இல், அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் தியோடர் டீனர் என்பவர் உருளைக்கிழங்கின் ஒரு நோயை ஆராய்ந்து, வைரஸைவிட மிகச் சிறிய நோய்க்காரணி ஒன்று உண்டென்று நிறுவி அதற்கு வைராய்டு என்று பெயரிட்டிருந்தார். லாலி சாலையில் இருந்த விவசாயக் கல்லூரி பல்கலைக்கழகமானதும் அதே 1971இல்தான். வைரஸுக்குப் புரதத்தாலான ஒரு சட்டையாவது உண்டு. வைராய்டுக்கு அதுவும் இல்லை. எந்தப் புரதத்தையும் செய்யத் தெரியாத வெறும் வளையம். மரத்தின் செல்லுக்குள் புகுந்து, மரத்தின் கருவிகளையே கொண்டு தன்னைப் படியெடுத்துக்கொள்ளும்.

உருளைக்கிழங்கின் வைராய்டில் 359 எழுத்துகள். எழுத்து என்று இங்கே நாங்கள் சொல்வது அதன் அடிப்படை அலகுகளை. கடங்-கடங்கின் மிகச் சிறிய வடிவத்தில் 246. ஒன்று கூடிய மற்றொரு வடிவத்தில் 247. தமிழ் எழுத்துகளும் 247 என்பது எங்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது. ஆய்தத்தை நீக்கினால் 246. தற்செயல்தான், இதில் பொருளெதுவும் இல்லை. ஆனாலும் நம் குழந்தைகள் சுவரில் மாட்டிப் படிக்கும் அட்டையில் அடங்கிவிடும் அளவுள்ள ஒரு வாசகம் ஒரு தீவின் தோப்பைத் துடைத்தெடுத்தது என்று எண்ணும்போது ஒரு திகைப்பு ஏற்படத்தான் செய்கிறது.

வைராய்டைக் கண்ணால் கண்டறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்தத் தென்னை நோயே சான்று. பூக்கத் தொடங்கும் வயதுக்கு முன் மரத்தில் அறிகுறி தெரிவது அரிது. பிறகு காய் சற்று உருண்டையாகும், அதன் இடுப்பில் கீறல்கள் தெரியும். ஓலையில் மஞ்சள் புள்ளிகள் வரும். பாளை நின்றுபோகும். முதல் அறிகுறியிலிருந்து சாவு வரை எட்டிலிருந்து பதினாறு ஆண்டுகள் ஆகலாம். எப்படிப் பரவுகிறது என்பதே முழுதாகப் பிடிபடவில்லை. சுமந்து செல்லும் பூச்சி எதுவும் இதுவரை அகப்படவில்லை. ஓலையை அரைத்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, கூழ்ப்படலத்தில் மின்சாரம் செலுத்தி ஓடவிட்டு, அல்லது பி.சி.ஆர். முறையில் பெருக்கித்தான் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களில் வேறொரு பழைய வழி உண்டு. ஐயத்துக்குரிய மரத்தின் ஒரு சிம்பை எட்ராக் என்ற நாரத்தை வகையில் ஒட்டுக்கட்டிக் காத்திருப்பார்கள். தாய்மரம் காட்டாத நோயை அந்தச் செடி சில மாதங்களில் இலை சுருண்டு காட்டிக்கொடுத்துவிடும். தன் உடம்பில் வாங்கிச் சாட்சி சொல்கிற செடி.

நம் தென்னையில் இருப்பது வைராய்டு அல்ல, பைட்டோபிளாஸ்மா. அது ஓர் உயிர், இது உயிரென்றே சொல்ல முடியாத ஒரு மூலக்கூறு. ஆயினும் தோப்புக்குள் நிற்கிறவனுக்கு இரண்டும் ஒரே கேள்வியைத்தான் வைக்கின்றன. பச்சையாக நிற்கிற, காய்க்கிற மரம் ஒன்று நோயைச் சுமக்கிறதா? சுமக்கிறது என்றால், நீ என்ன செய்வாய்?

*

2019இல் அந்தத் தெற்கு வரிசை மரங்களின் காய் பாதியாகக் குறைந்தபோது மாதிரி எடுத்து ஓர் ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். ஒரே ஒரு மரத்திலிருந்து, ஒரே ஓலை. முடிவு "இல்லை" என்று வந்தது. அன்று இரவு ஆர்.எஸ்.புரம் வீட்டில் அம்மா பாயசம் வைத்தாள். நாங்கள் பெரியவரை நினைத்துச் சிரித்துக்கொண்டோம்.

அந்த "இல்லை" என்பதன் பொருளை விளங்கிக்கொள்ள நாங்கள் முயலவில்லை. பைட்டோபிளாஸ்மா மரம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. மிகக் குறைந்த எண்ணிக்கையில், உணவுக் குழாய்களில் மட்டும், இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும். முற்றிய ஓலையில் தேடினால் அகப்படாமல் போகலாம். குருத்தை ஒட்டிய இளம் ஓலையின் நடு நரம்பில் தேட வேண்டும், அதுவும் இருமுறை பெருக்கிப் பார்க்க வேண்டும். "இல்லை" என்று தாளில் இருந்தால் அதன் பொருள் "நாங்கள் பார்த்த இடத்தில் காணவில்லை" என்பதே. 2020க்குப் பிறகு பி.சி.ஆர். என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்றாகிவிட்டது. ஆயினும் 2019இல் நாங்கள் அந்தத் தாளை ஒரு நற்சான்றிதழாகவே பீரோவில் வைத்தோம்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் ஊரடங்கிலும் அம்மாவின் உடல்நலக் குறைவிலும் போயின. 2021இல் நாங்கள் தோப்புக்குப் போய் நின்ற காலை நன்றாக நினைவிருக்கிறது. வெயில் ஏறாத நேரம். பெரியவர் சொன்ன "கீத்து உள்ள மடங்குது" என்பது சட்டென்று கண்ணுக்குத் தெரிந்தது. ஓலையின் இருபுறக் கீற்றுகளும் உள்நோக்கி வளைந்து, கிடந்த மாட்டின் விலா எலும்புகளைப்போல் தெரிந்தன. ஒரு மரத்தில் பார்த்தபின் அடுத்த மரத்திலும் தெரிந்தது. அதற்கடுத்ததிலும். ஒரு புதிய எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டவனுக்குத் தெருவெல்லாம் அதே எழுத்து தெரிவதுபோல. மாலைக்குள் 61 மரங்களில் சுண்ணாம்பால் குறி வைத்தோம்.

இம்முறை முறையாகக் கேட்டறிந்து, குறி வைத்த மரங்களில் பத்தும் குறியில்லாத மரங்களில் ஐந்துமாகக் குருத்து ஓலையின் நரம்பை வெட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே கொண்டுபோய்க் கொடுத்தோம். குறி வைத்ததில் எட்டு மரங்களில் நோய் உறுதியாயிற்று. குறியில்லாத ஐந்தில் ஒன்றிலும் இருந்தது. கிணற்றோரத்து மரம். எங்கள் அப்பத்தா தன் கையால் வைத்தது. ஆண்டுக்கு 120 காய்க்குக் குறையாதது. தோப்பிலேயே அழகான மரம் எது என்று கேட்டால் நாங்கள் மூவரும் அதைத்தான் காட்டியிருப்போம். நோய் உள்ளே புகுந்து அறிகுறியாக வெளிவரப் பல மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் அந்த மரத்தில் உட்கார்ந்து எழும் பூச்சிகள் அடுத்த மரங்களுக்கு என்ன கொண்டுபோயிருக்கும் என்பதை எங்களால் கணக்கிட முடியவில்லை.

*

காயங்குளத்தாரின் நீண்ட அனுபவத்திலிருந்து பிறந்த நெறி ஒன்றுண்டு. நோய் ஊன்றிவிட்ட நடுப்பகுதியில் ஆண்டுக்குப் பத்துக் காய்கூடத் தராத மரங்களை மட்டும் அகற்றிவிட்டு, மற்றவற்றை எருவும் வேப்பம்புண்ணாக்கும் பசுந்தாளும் சாம்பல், மக்னீசியச் சத்துகளும் கொடுத்து நோயோடு வாழவைக்கலாம். நோய் புதிதாக எட்டிப்பார்க்கும் விளிம்பில், அறிகுறி கண்ட மரம் ஒவ்வொன்றையும் அகற்றிவிட வேண்டும். தெளிவான நெறிதான். ஆனால் 2021இல் ஆனைமலை நடுவா, விளிம்பா? எங்களில் மூத்தவர் விளிம்பு என்றார், எல்லாவற்றையும் வெட்ட வேண்டும் என்றார். இளையவர், சுற்றிலும் எல்லாத் தோப்பிலும் வந்துவிட்டது, நாம் மட்டும் வெட்டினால் பூச்சிக்கு வேலி தெரியுமா என்று கேட்டார். நடுவிலுள்ளவள் கிணற்றோரத்து மரத்தை விட்டுவிடுங்கள் என்றாள். வாரக்கணக்கில் நாங்கள் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தோம்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "காய்க்கிற மரத்தையா வெட்டப் போறீங்க? பச்சை மரத்தை?" என்று மட்டும் கேட்டாள். எங்கள் பக்கத்தில் அது பாவக் கணக்கில் சேர்வது. பட்ட மரத்தை வெட்டலாம், பச்சை மரத்தை வெட்டக் கை நடுங்க வேண்டும். அந்த நடுக்கம் நல்ல நடுக்கம் என்றே இன்றும் நினைக்கிறோம். அந்த நடுக்கத்தின் இடுக்கில்தான் நோய் குடியிருக்கிறது என்பதும் அதே அளவு உண்மை.

நாங்கள் பக்கத்துத் தோப்புக்காரரிடம் போனோம். எங்கள் அப்பாவுக்கு வேண்டியவர், நாங்கள் மாமா என்று அழைப்பவர். இரண்டு ஏக்கர், மரம் 130. இருவரும் சேர்ந்து வெட்டினால் பயன் இருக்கும், முதலில் உங்கள் மரங்களையும் பரிசோதித்துப் பார்க்கலாம், செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்றோம். அவர் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"தெரிஞ்சுக்கிட்டு நான் என்னங் கண்ணு பண்றது? உங்களுக்குக் கோயமுத்தூர்ல வீடு இருக்குது, வேலை பாத்த பென்சன் இருக்குது. நீங்க வெட்டலாம். பிள்ளை வெச்சா காய்க்க அஞ்சாறு வருசம். அதுவரைக்கும் நான் என்னத்தைத் திங்கிறது? இப்ப நாப்பது காய் காய்க்குதா, நாப்பது எனக்குப் போதும்."

நாங்கள் சொல்ல நினைத்த மறுமொழிகள் பல. இன்று நாற்பது காய்க்கும் மரம் நாளை பத்துத்தான் காய்க்கும் என்பது ஒன்று. அவருடைய மரத்திலிருந்து எங்கள் மரத்துக்கு வரும் என்பது மற்றொன்று. எங்கள் மரத்திலிருந்து அவருடையதற்கு ஏற்கெனவே போயிருக்கும் என்பதும் உண்டு. நாங்கள் நான்கு ஆண்டுகள் காணாமல் இருந்தவர்கள் அல்லவா? எதையும் சொல்லாமல் திரும்பினோம்.

அன்று காரில் வரும்போது எங்களுக்குப் புரிந்ததைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்பினோம். நோயைக் கண்டறிவது கருவியின் வேலை என்று நினைத்திருந்தோம். மின்னணு நுண்ணோக்கி, பி.சி.ஆர்., கூழ்ப்படலம் எல்லாம் வேண்டும்தான், அவையில்லாமல் கிணற்றோரத்து மரத்தின் கதை எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் கருவி சொல்வதைக் கேட்க ஒருவனுக்கு வேறொரு வசதி வேண்டும். கண்டபின் செய்ய வேண்டியதைத் தாங்கும் வசதி அது. அது இல்லாதவன் காண மறுப்பதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. எங்களுக்கோ அந்த வசதி இருந்தது. இருந்தும் நாங்கள் நான்கு ஆண்டுகள் காணவில்லை. கூலிக்கு வந்த பெரியவர் இலவசமாகச் சொன்னதைத் தள்ளிவிட்டுத் தாளில் வந்த "இல்லை"யைப் பிடித்துக்கொண்டோம். மாமாவைவிட எங்கள் குருடு பெரிது. வெட்டும் மரத்துக்கு இழப்பீடும், கன்று காய்க்கும்வரை கைக்கு ஏதேனும் வருவாயும் சேர்ந்து வராத எந்த நோய் கண்டறியும் திட்டமும் மாமாவைப் போன்றவர்களின் தோப்பு வேலிக்கு வெளியேதான் நிற்கும்.

*

2022 தை கழிந்தபின் வெட்டினோம். குறி வைத்த 61, அவற்றோடு கிணற்றோரத்து மரம். அந்த ஒன்றைக் கடைசிக்கு விட்டிருந்தோம். அம்மா வரவில்லை. அக்காவும் வரமாட்டாள் என்று நினைத்தோம், வந்தாள். இயந்திர ரம்பத்துக்கு ஒரு தென்னை சில நிமிட வேலை. விழுந்த மரத்தின் கொண்டையைத் தரையில் பார்ப்பது விநோதமாக இருந்தது. அத்தனை ஆண்டுகள் அண்ணாந்து பார்த்தது காலடியில் கிடந்தது. குலைகளில் இளநீரும் குரும்பையும் இருந்தன. புதுப் பாளை ஒன்று அப்போதுதான் வெடித்திருந்தது. கீற்றுகளைத் தொட்டுப் பார்த்தோம். எங்கள் கைக்கும் கண்ணுக்கும் அவை எந்தக் குறையும் சொல்லவில்லை.

பெரியவரைத் தேடிப் போனோம். அவர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டிருந்தார். அவர் ஊருக்கே போய்ப் பார்த்தோம். நீங்கள் சொன்னது சரி என்று சொன்னோம். அவருக்கு அந்தப் பேச்சே நினைவில் இல்லை. "அப்படியா சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு, எத்தனை மரம் போச்சு என்று விசாரித்தார். 62 என்றதும் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

வெட்டிய இடங்களில் நோயைத் தாங்கும் இரகக் கன்றுகளை வைத்திருக்கிறோம். காயங்குளத்துக்காரர்கள் நோய் நிறைந்த தோப்புகளுக்குள்ளேயே நோயில்லாமல் நின்ற மரங்களைத் தேடித் தேடி எடுத்து உருவாக்கியவை, கல்பரட்சா, கல்பஸ்ரீ போன்றவை. நோய் வராது என்று யாரும் உறுதி தரவில்லை, தாங்கும் என்றுதான் சொல்கிறார்கள். நோய் சூழ்ந்த இடத்தில் நோயற்று நின்ற ஒன்றைத் தேடுவதும் கண்டறிதல்தான் என்பது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. மாமாவின் தோப்பில் காய் இன்னும் குறைந்திருக்கிறது. மரங்கள் நிற்கின்றன. எங்களோடு பழையபடி பேசுகிறார், அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. கன்று வேண்டுமா என்று கேட்டதற்கு, வேலியோரம் பத்து வைத்துப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். பழைய மரங்களுக்கு நடுவில் வைத்திருக்கிறார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் விடிவதற்குள் ஆர்.எஸ்.புரத்திலிருந்து கிளம்பி, வெயிலுக்கு முன் தோப்பில் இருக்கிறோம். ஆளுக்கு இரண்டு மூன்று வரிசை. ஒவ்வொரு மரத்தின் கீழும் நின்று அண்ணாந்து, நடுக்கொண்டையிலிருந்து கீழ்நோக்கி ஓலை ஓலையாகப் பார்க்க வேண்டும். பிடரி வலிக்கும். ஒருவர் பார்த்த வரிசையை அடுத்த மாதம் மற்றவர் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம், ஒருவர் கண்ணை ஒருவர் நம்புவதில்லை என்பதால்.

போன மாதம் கிழக்கு வரிசையில், வாய்க்காலை ஒட்டிய ஏழாவது மரத்தில் கீற்று மடங்குகிறது என்று எங்களில் இருவருக்குப் படுகிறது. மூன்றாமவர் அது காற்று என்கிறார். குருத்து ஓலையின் நரம்பை வெட்டி அனுப்பியிருக்கிறோம்.